மஞ்சளில் முக்கின வெள்ளைப் புடவை

திருத்தணி மலையடிவாரத்தில், பொய்கைக்குப் போகும் பாதை திரும்புகிற இடத்தில் பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லார் உடம்பிலும் ஈரம் காயாத மஞ்சள் புடவை. முந்தானை நுனியிலிருந்து சொட்டிய மஞ்சள் நீர் புழுதியில் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அரைத்த மஞ்சளின் வாசனை, அடிவாரக் கடைகளின் கற்பூர வாசனையையும் மீறி மூக்கில் ஏறிற்று.

அன்று விடியும் வரை அவை வெள்ளைப் புடவைகள். கொடுத்தவர்கள் நாங்கள்.

"இன்னாம்மா இது" என்றார் அரிசி மில்காரர். அவர்தான் எங்கள் கமிட்டிக்குத் தலைவர். "நல்ல கதர்ப் புடவை. இப்படி நாசம் பண்ணிக்கினு வந்து நிக்கிறீங்களே."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற கன்னியம்மா மட்டும் பேசினாள்.

"நாசம் ஒண்ணும் பண்ணலீங்க. மஞ்சத் தண்ணியில முக்கினோம். அவ்ளோதான்."

மில்காரர் என்னைப் பார்த்தார். நான் கமிட்டியின் காரியதரிசி. புடவை வாங்கியது என் பொறுப்பு. வெள்ளை என்று முடிவு செய்ததும் நான்தான்.

பொன்னாடை

இந்தக் காட்சியை நான் எழுதாமலே செத்துப்போயிருப்பேன். போன மாதம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒரு விழா நடத்தி அந்த வசதியைக் கெடுத்துவிட்டார்கள்.

ஆலயப் பிரவேசத்துக்குப் பாடுபட்ட பெரியவர் என்று சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடைக்குப் பின்னால் பழைய போட்டோ ஒன்றைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். மலைப் படிகளில் வெள்ளை வேட்டி கட்டிய சேரி ஆண்கள், நடுவில் மாலையோடு மில்காரர், பக்கத்தில் வக்கீல், ஓரத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நான். அந்தப் போட்டோவில் ஒரு பெண்கூட இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டு கும்பிட்டேன்.

இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றி நல்லதாகத்தான் எழுதி வந்திருக்கிறேன். ஏழை வீட்டுப் பையனுக்குப் பரீட்சைப் பணம் கட்டியதை எழுதினேன். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரிடம் எதிர்த்துப் பேசியதை எழுதினேன். இரண்டும் நடந்தவைதான். ஆனால் ஒருவன் தன் வாழ்க்கையில் எதை எழுதினான் என்பதைவிட எதை எழுதாமல் தள்ளிப்போட்டான் என்று பார்ப்பது நல்லது. நான் தள்ளிப்போட்டது இது.

அழைத்துப் போகிறவர்கள்

அது வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். எந்தச் சாதி இந்துவும் எந்தக் கோயிலுக்குள்ளும் போகலாம் என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பு, எங்கள் பக்கத்துச் சேரி ஜனங்கள் மலையடிவாரத்து முதல் படியோடு நின்றுவிடுவார்கள். படியில் கற்பூரம் ஏற்றிவிட்டு, மேலே போகிற யாரையாவது கெஞ்சி, இறங்கும்போது கொஞ்சம் விபூதி குங்குமம் கொண்டுவரச் சொல்லுவார்கள். சிலர் கொண்டுவந்து கொடுப்பார்கள். பலர் மறந்துபோய் வேறு வழியாக இறங்கிவிடுவார்கள். வெயிலில் மத்தியானம் வரை அவர்கள் காத்துக் கிடப்பதை நான் எத்தனையோ முறை பார்த்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன்.

சட்டத்தில் கமிட்டி என்ற ஒரு சொல்கூடக் கிடையாது. போக விரும்புகிறவன் படியேறிப் போகலாம். அது எங்களுக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் அழைத்துப் போகாமல் அவர்களாகவே போய்விடுவதா? வக்கீல் வீட்டு மாடியில் காப்பி குடித்துக்கொண்டே ஆலயப் பிரவேசக் கமிட்டியை ஆரம்பித்தோம். இந்த வேலையில் எனக்கு அப்போது எவ்வளவு பெருமை என்றால், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எதிரே வந்தவர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

சென்னையில் படித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்துவிட்டு வந்தவன் நான். காலையில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் புரட்சி நடத்துவேன். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று கரும்பலகையில் பெரிதாக எழுதுவேன். சாயங்காலம் சேரிக்குப் போய் ஜனங்களின் நகத்தைப் பார்ப்பேன்.

ஆமாம், நகத்தை. கமிட்டி முதலில் போட்ட தீர்மானமே அதுதான். மலைக்கு வருகிறவர்கள் ஒரு வாரம் கவிச்சி தொடக்கூடாது, சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், கமிட்டி கொடுக்கும் உடையில்தான் வர வேண்டும். வேறு யாருக்கும் எந்தக் கோயில் வாசலிலும் இப்படி ஒரு பரீட்சை கிடையாது. எங்கள் மில்காரர் மூக்குப்பொடி உதிர்ந்த மேல்துண்டோடுதான் எந்தச் சன்னிதிக்கும் போவார். மதுவிலக்கு நடந்த காலத்திலும் அவர் வாயில் ராத்திரி குடித்த சரக்கின் வாடை காலையில் இருக்கும். அந்த வாயால்தான் சேரியில் நின்று சுத்தத்தைப் பற்றிப் பேசினார்.

சோப்பு அவருடைய தருமம். நீளமான சலவைக் கட்டிகளை நூலால் அறுத்துத் துண்டு துண்டாகக் கொடுத்தோம்.

"நாங்க தெனம் குளிக்கறதுதான்" என்றான் ஒருவன்.

"குளிக்கலேன்னு யாருப்பா சொன்னது? இது கமிட்டி குளியல்" என்றார் மில்காரர். நாங்கள் சிரித்தோம். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அது அன்று என் கண்ணில் படவில்லை.

ரயிலில் என் பக்கத்தில்

கன்னியம்மாவின் புருஷன் ஏழுமலையை எனக்கு முன்பே தெரியும். அரக்கோணம் ரயில்வே யார்டில் வண்டிகளைக் கோக்கிற கலாசியாக இருந்தான். எனக்கு அரக்கோணத்தில் வேலை இருக்கிற நாட்களில் இருவரும் ஒரே வண்டியில் திரும்புவோம்.

ரயிலில் யார் எங்கே உட்காருவது என்று எந்தக் கமிட்டியும் இல்லை. கிடைத்த இடத்தில் உட்காருவான், சில சமயம் என் பக்கத்திலேயே. நடுவில் யாருடைய கோழிக்கூடையாவது இருக்கும். எண்ணெயும் கரியும் கலந்த வாசனை அவன் சட்டையில் வரும். பேசிக்கொண்டே வருவோம். நன்றாகப் பேசுவான். யார்டில் வெள்ளைக்கார டிரைவர் கோபம் வந்தால் எப்படித் தமிழில் திட்டுவான் என்று அப்படியே நடித்துக் காட்டுவான்.

திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியதும் அவன் காணாமல் போய்விடுவான். திரும்பிப் பார்த்தால் பிளாட்பாரத்துப் புளியமரத்தடியில் நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டிருப்பான். நான் நெடுந்தூரம் போன பிறகே நடக்கத் தொடங்குவான். பீடி குடிப்பதற்காக நிற்கிறான் என்று நான் என்னை நம்பவைத்துக்கொண்டிருந்தேன். சேரிக்குப் போகிற வழி எங்கள் தெருவைத் தொட்டுக்கொண்டு போகிறது. என்னோடு பேசிக்கொண்டு அவன் அந்த வழியாக வந்திருந்தால் அன்றைக்கே அவன் முதுகுத் தோல் உரிந்திருக்கும். உரிப்பதற்கு என் பெரியப்பா பிள்ளைகளே போதும். இதை அறிந்துகொண்டுதான் நான் பிளாட்பாரத்தைவிட்டு வேகமாக நடந்தேன்.

அந்த ஏழுமலை யார்டில் இரண்டு சரக்குப் பெட்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டான். விலா எலும்புகள் நொறுங்கிப்போயின. பிழைக்க மாட்டான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கன்னியம்மா வேண்டிக்கொண்டாள். இவன் எழுந்து நடந்தால் இருவருமாக மலைக்குப் போய், முருகன் சன்னிதிக் குங்குமம் வாங்கித் தாலியில் வைத்துக்கொள்கிறேன் என்பது வேண்டுதல். வேண்டும்போது அவள் மனதில் இருந்த மலை, முதல் படிதான். அதற்குமேல் அவளுக்கு மலை இல்லை.

பல மாதம் கழித்து அவன் எழுந்தான். சாய்ந்து சாய்ந்து நடந்தான். அந்தச் சமயத்தில்தான் சட்டம் வந்தது. நான் சேரி மரத்தடியில் நின்று அந்தச் சட்டத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் கலைந்த பிறகு கன்னியம்மா வந்தாள்.

"அப்போ மேல வரிக்கும் போலாங்களா வாத்தியாரய்யா? சாமி கிட்டத்துக்கே?"

"போகலாம்."

"இவரும் நானும் சேந்து?"

"சேர்ந்துதான்."

அவள் அழுததை நான் பார்த்தேன். அது எனக்காக அழுத நன்றிக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி கேட்டது

போட்டோ எடுக்கச் சென்னையிலிருந்து ஒருவரை வரவழைப்பது என்று வக்கீல் யோசனை சொன்னார். எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தியிருந்தால் படம் எடுப்பாக இருக்கும். ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குப் புடவை, எல்லாம் வெள்ளைக் கதர். வெள்ளை தூய்மையின் நிறம் என்று நான் சொன்னேன். எங்கேயோ படித்தது.

புடவைக் கட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. பிரித்துப் பார்த்த என் மனைவி கமலம், கரைகூட இல்லாத அந்த வெள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, இது யாருக்கு?"

"சேரிப் பெண்களுக்கு. மலைக்கு உடுத்திக்கொண்டு போக."

"எல்லாருமே தாலி அறுத்தவங்களா?"

"இல்லையே. பெரும்பாலும் கட்டுக்கழுத்திகள்தான்."

"பின்னே வெள்ளையைக் கட்டச் சொல்றீங்க. புருஷன் பக்கத்துல நிக்க, தாலியோட எப்படிங்க வெள்ளை கட்டிக்கினு சாமி முன்னாடி போவாங்க? எனக்குக் குடுத்தா நான் கட்டுவேனா?"

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"அவங்களுக்கு அதெல்லாம் கிடையாது."

கமலம் புடவையைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். பிறகு, "கிடையாதுன்னு அவங்க சொன்னாங்களா?" என்று கேட்டாள். நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் கட்டைத் திரும்பவும் முடிந்து மூலையில் வைத்தாள். அதற்குப் பிறகு கமிட்டியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே, தெரியாமல் செய்த பிழை என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. சொல்ல ஆள் இருந்தது. அவர்களுக்கு மானம் இருக்கிறதா என்ற கேள்வியே எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. சட்டம் இருக்கிறது, சோப்பு இருக்கிறது, புடவை இருக்கிறது, இதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டும் என்ற எண்ணம்.

புடவையைக் கொடுத்தபோது கன்னியம்மாவும் அதையே கேட்டாள். "வெள்ளையா கீதுங்களே. எங்க ஊட்டுக்காரர்தான் எழுந்து நடந்துகினு கீறாரே." நான் தூய்மையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு புடவையை வாங்கிப் போனாள்.

மறுபடியும் அடிவாரம்

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாளான பரணியில் மலையேறுவதாக ஏற்பாடு. கிருத்திகையன்று வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்தோம். அன்று சனம் நெரியும், யாருடைய மனமாவது நோகும் என்றார் வக்கீல். யாருடைய மனம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு மஞ்சள் புடவைகளின் முன்னால் கமிட்டி கூடிப் பேசியது. சென்னை போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, மஞ்சள் படத்தில் கறுப்பாக விழும், எல்லாரும் கறுப்புப் புடவை கட்டிய மாதிரி தெரியும் என்றார். வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"பொய்கையில போய் அலசிக்கினு வந்துடுங்க. சோப்பு இருக்குது. வெயில்ல காஞ்சிரும்" என்றார் மில்காரர்.

ஒரு கிழவி பயந்துபோய் முதலில் பொய்கைப் படியில் இறங்கினாள். முந்தானையை நனைத்து மில்காரரின் தருமச் சோப்பைத் தேய்த்தாள். மஞ்சளில் சவுக்காரம் பட்டால் என்ன ஆகும் என்று அங்கிருந்த படித்தவர்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தேய்த்த இடமெல்லாம் செக்கச்செவேல் என்று ஆயிற்று. கிழவி முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். பெண்கள் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் மில்காரரைச் சுட்டுவிட்டது.

"திமிரா? போடறதே பிச்சை. அதுல நெறம் வேற கேக்குதா? பொம்பளைங்க யாரும் வர வேணாம். ஆம்பளைங்க மட்டும் ஏறுங்க."

கன்னியம்மா என் பக்கம் திரும்பினாள். கமிட்டியில் அவளுக்குத் தெரிந்த மனிதன் நான் ஒருவன்தான்.

"நீங்கதானே வாத்தியாரய்யா சட்டம் படிச்சிக் காட்டினீங்க. அதுல பொடவை கலரு எழுதியிருந்திச்சா?"

"கன்னியம்மா, பிடிவாதம் பண்ணாதே. இன்னொரு நாள் ஏற்பாடு பண்றேன்."

"எனக்கு வேண்டுதல் கீதுங்க. வெள்ளையைக் கட்டிக்கினு போயி தாலிக்குக் குங்குமம் கேட்டா அந்த முருகரே சிரிப்பாரு. இதோ நிக்கிறாரே எம் புள்ளைங்க நைனா, இவரு செத்தப்புறம் கட்டிக்க வேண்டியதை இப்பவே கட்டுன்றீங்க."

எதிரே ஒரு மனுஷி தன் புருஷன் உயிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் போட்டோக்காரருக்கு நேரமாகிறதே என்று மலையின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேரம் ஆவுது. அப்புறம் பேசிக்கலாம்" என்றேன்.

ஆண்கள் தயங்கித் தயங்கிப் படியேறினார்கள். ஏழுமலை மட்டும் ஏறவில்லை. வெள்ளை வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மனைவி பக்கத்தில் போய் நின்றான்.

"வாடா" என்றார் மில்காரர்.

"ஆங், நீங்க போங்கய்யா. நான் ஒருத்தன் கொறைஞ்சா போட்டோ ஒண்ணும் கோணிக்காது. எனக்கு வெலாவுல எலும்பு ஒட்டினதே இதோட வேண்டுதல்ல. இதை உட்டுட்டு நான் மட்டும் போயி சாமிகிட்ட இன்னான்னு சொல்றது?"

இருவரும் திரும்பிச் சேரிப் பாதையில் நடந்தார்கள். மற்றப் பெண்களும் பின்னால் போனார்கள். நாங்கள் மலையேறினோம். படம் பிரமாதமாக வந்தது.

கிருத்திகை

மறுநாள் ஆடிக் கிருத்திகை. அந்த நாளில் எங்கள் மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காவடிகளும் பால் குடங்களும் மொட்டைத் தலைகளும் அரோகராவுமாகப் படிகள் கண்ணுக்குத் தெரியாது. வேண்டுதல்காரப் பெண்கள் எல்லாரும் உடுத்துவது மஞ்சள். யார் எந்த ஊர், யார் எந்தத் தெரு என்று பிரித்தறிய முடியாத ஒரே மஞ்சள்.

எனக்குத் தொண்டர் பட்டை இருந்தது. அதைச் சட்டையில் குத்திக்கொண்டு பக்கவாசல் வழியாக நுழைந்துவிட்டேன். வெளி மண்டபத்தில் மில்காரர் உட்கார்ந்திருந்தார். அன்றைய உபயங்களில் ஒன்று அவர் குடும்பத்துடையது. அர்ச்சனைக் குங்குமத்தைத் தட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, தரிசனம் முடிந்து வருகிறவர்களுக்கு உபயக்காரர் என்ற முறையில் அவர் கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசை நெரித்துக்கொண்டு வந்தது. அவர் முகங்களைப் பார்க்கவில்லை. நீண்ட கைகளைப் பார்த்தார். ஒவ்வொரு உள்ளங்கையிலும் விரலை அழுத்திக் குங்குமத்தை வைத்தார்.

அந்த வரிசையில் கன்னியம்மாவைக் கண்டேன்.

அதே புடவை. காய்ந்து மொடமொடவென்று இருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை. பின்னால் ஏழுமலை, விலாவில் இடி படாமல் கையை மடக்கி வைத்துக்கொண்டு நின்றான். அவள் தோள்மேல் யாரோ ஒருத்தியின் தோள், அவள் முதுகில் யாரோ ஒரு குழந்தையின் மொட்டைத் தலை. எந்தக் கமிட்டியும் இல்லாமல், யாரும் யார் என்று கேட்காமல், அவர்கள் மேலே வந்திருந்தார்கள். சாமியைப் பார்த்துவிட்டிருந்தார்கள். இன்னும் இரண்டு பேர் தாண்டினால் குங்குமம்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பிறருக்குக் காட்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் உற்சவ மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி ஒருவர் நின்றார். அவர் காதிலும் விழட்டும் என்று உரக்கக் கூப்பிட்டேன்.

"அட, கன்னியம்மா. வந்துட்டியா, பலே." அதோடு நிறுத்தினேனா? அதிகாரியின் பக்கம் திரும்பி, "நம்ம சேரிப் பொண்ணு சார். நேத்து முறைச்சிக்கினு போனவ, இன்னைக்குத் தானாவே வந்திருக்கா பாருங்க. எல்லாம் நம்ம கமிட்டி பண்ண வேலை" என்றேன்.

அவள் தோள்மேல் இருந்த தோள் விலகிற்று. அந்த நெரிசலில், ஒரு கையைத் தூக்க இடமில்லாத அந்த மண்டபத்தில், அவர்கள் இருவரையும் சுற்றி ஒரு வட்டம் விழுந்தது. எப்படி அவ்வளவு இடம் கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. முன்னால் நின்ற இரண்டு பேரும் ஒதுங்கிக்கொண்டதால் கன்னியம்மா நேராக மில்காரர் முன்னால் நின்றாள்.

அவள் அவர் மில் களத்தில் வருஷக்கணக்காக நெல் காயவைக்கிறவள். ஆனால் நான் கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு அந்த முகம் தெரிந்தது. குங்குமம் எடுத்த விரல் பாதியில் நின்றது. தட்டின் ஓரத்திலிருந்து ஒரு வாழை இலைத் துண்டைக் கிழித்தார். அதில் குங்குமத்தை உதறி, குனிந்து, இலையைத் தரையில் வைத்தார்.

"எடுத்துக்கினு போ."

கன்னியம்மா தரையைப் பார்க்கவில்லை. கையை நீட்டினாள்.

"கையில குடுங்கய்யா."

"வெச்சிருக்கேன் இல்லே. எடு."

"எல்லாருக்கும் கையிலதானே குடுத்துக்கினு இருந்தீங்க."

பின்னால் வரிசை முட்டியது. அரோகராச் சத்தம் ஏறியது. நகரு, நகரு என்று தூரத்திலிருந்து குரல்கள் வந்தன. ஆனால் அவளை யாரும் நகர்த்தவில்லை. நகர்த்த வேண்டுமானால் தொட வேண்டும். கையில் பிரம்பு வைத்திருந்த தொண்டர்கள்கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஆசாரம் அத்தனை நாளும் அவளை எட்டி நிறுத்தி வைத்தது. அதே ஆசாரம் இன்று அவளை அசைக்க முடியாமல் எங்களைக் கட்டிப்போட்டது. எனக்குக்கூடச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

எதிரே இருப்பவர் தனக்குக் கூலி கொடுக்கிறவர் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் நின்றாள். அடுத்த வாரமே அவளுக்குக் களத்தில் வேலை இல்லாமல் போயிற்று. அதை அறிந்தும் நான் மில்காரரிடம் வாய் திறக்கவில்லை. அவளிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. வழியில் பார்த்தால் பேசுவாள், நானும் பேசுவேன். கேட்க நினைத்த நாளெல்லாம் பிறகு கேட்கலாம் என்று இருந்தேன். அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

மில்காரர் என்னைப் பார்த்தார். அதிகாரியும் என்னைப் பார்த்தார். சட்டம் படித்தவர்கள், சட்டம் வாசித்துக் காட்டியவர்கள் அங்கே இருந்தோம். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். கையில் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல்.

நான் சொன்னது வேறு.

"கன்னியம்மா, கீழே இருக்கறதை எடுத்துக்கினு நகரும்மா. சனம் காத்துக்கினு இருக்குது. குங்குமம் எங்க இருந்தா என்ன, குங்குமம்தானே."

அவள் திரும்பவில்லை. நீட்டிய கை அப்படியே இருந்தது. ஏழுமலை பின்னாலிருந்து தன் கையை அவள் முழங்கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டான்.

அப்போது அந்த வட்டத்துக்குள் ஒருத்தி நுழைந்தாள். நகரிப் பக்கத்திலிருந்து வந்த தெலுங்குக்காரி. இடுப்பில் மொட்டை அடித்த குழந்தை, வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. இங்கே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் அக்கறையில்லையா, சொல்ல முடியாது. கன்னியம்மாவை இடித்துக்கொண்டு வந்து, அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் நீட்டினாள்.

"இய்யண்டி சாமி. பில்ல ஏடுஸ்துந்தி." கொடுங்கள் சாமி, பிள்ளை அழுகிறது என்றாள். பிறகு கன்னியம்மாவைக் காட்டி, தமிழிலேயே சொன்னாள்: "இந்தம்மாவுக்கு முன்னே குடுங்க. எவ்ளோ நேரமா நிக்குது."

வட்டம் உடைந்தது. பின்னாலிருந்து கூட்டம் நெட்டித் தள்ளியது. மில்காரரின் முகம் கறுத்துப்போயிருந்தது. தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கன்னியம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். விரல் பட்டது. நான் பார்த்தேன்.

அவள் அங்கேயே நின்று தாலியை வெளியே எடுத்து, குங்குமத்தைத் தொட்டு வைத்தாள். மிச்சத்தை ஏழுமலை நெற்றியில் இட்டாள். அவன் உயரமானவன். அவளுக்கு எட்டுவதற்காகக் குனிந்தபோது விலாவைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான். பிறகு இருவரும் கூட்டத்தோடு நகர்ந்து என் பக்கம் வந்தார்கள்.

நானும் கையை நீட்டிக்கொண்டு மில்காரரின் தட்டருகே வந்திருந்தேன். பழக்கம்தான். எப்போதும் பக்கவாசலில் வந்து முதலில் வாங்கிக்கொண்டு போகிறவன். கன்னியம்மா ஒரு கணம் நின்று என் கையைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்வது போலச் சொன்னாள்.

"வரிசை அந்தப் பக்கம் வாத்தியாரே."

அவள் என்னை ஐயா என்று சொல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

நான் வரிசைக்குப் போகவில்லை. வந்த பக்கவாசல் வழியாகவே வெளியேறினேன். பாதி மலை இறங்கிய பிறகுதான், அன்றைக்கு நான் சாமியைக் கும்பிடவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.